இசைஞர் குனோ

‘ஆவே மரியா’ என்னும் இனிய பாடலைத் திருப்பலியில் கேட்டு உள்ளம் உருகாதவர் நம்மில் அரிது. அதற்கு இராகம் அமைத்தவரின் பெயரை மட்டும் ‘கவுனாட்’ என்றும் ‘கூனோட்’ என்றும் ஆளுக்கொரு விதமாய்ச் சொல்கிறோம். பிரெஞ்சு மொழியில் சொல்லின் இறுதி மெய்யெழுத்து பெரும்பாலும் எழுதப்படும், ஒலிக்கப்படாது. பாரிஸ் நகரை அந்நாட்டார் ‘பாரி’ என்றே அழைப்பர். அவ்வாறே இவர் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘டி’ மௌனமாகிவிடும். ‘குரு’, ‘நோன்பு’ ஆகிய சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஒலித்தால் சரியான உச்சரிப்பு வந்துவிடும்: குனோ.

ஷார்ல் குனோ 1818 ஜூன் 17-ல் பாரிஸில் பிறந்தார். ஓவியரான தந்தை 1823-ல் இறந்துவிட, தாயார் பியானோ கற்றுக்கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். 1839-ல் அரசின் பரிசு பெற்று உரோமை சென்றவர், சிஸ்டைன் சிற்றாலயத்தில் பலஸ்திரீனாவின் இசையைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். ஊர் திரும்பியபின் 1843-ல் பாரிஸ் வேதபோதக சபையின் ஆலயத்தில் இசைப்பொறுப்பை ஏற்றார். 1776 முதல் நமது புதுவைக்குக் குருக்களை அனுப்பிய சபை அதுவே. தூர தேசம் புறப்படும் குருக்களை வழியனுப்பும் பாடலொன்றுக்கும் அவர் இசையமைத்தார்.

குருவாகும் ஆவல் மிகுந்து, 1847-ல் சேன் சுல்பீஸ் குருமடத்தில் வேதசாஸ்திரம் பயின்றார். குருக்களுக்குரிய அங்கியும் அணிந்தார். ஆயினும் தம் அழைப்பு அதுவன்று எனத் தெளிந்து, 1848-ல் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். 1852-ல் மணம் புரிந்தார். இப்படித் திரும்பி வரும் இளைஞரை நம் ஊர்களில் என்னென்ன பேசுவார்கள் என்பதை நாம் அறிவோம்.

அவர் வீணாய்ப் போகவில்லை. 1855-ல் புனித செசிலியம்மாள் திருப்பலி இசையைப் படைத்தார். 1859-ல் ‘ஃபவுஸ்ட்’ என்னும் இசை நாடகம் அரங்கேறியது. உலகப் புகழ் கிட்டியது. அதே ஆண்டில்தான், பாக் எழுதிய பழைய இசையின் மேல் அவர் அமைத்திருந்த இராகம் ‘ஆவே மரியா’ செபத்தின் இலத்தீன் சொற்களோடு வெளிவந்தது. 1869-ல் பாப்பரசர் 9-ம் பத்திநாதரின் குருத்துவப் பொன்விழாவுக்கென அவர் இயற்றிய அணிநடை இசையை, 1949-ல் 12-ம் பத்திநாதர் வத்திக்கானின் கீதமாகத் தெரிந்தெடுத்தார். இறந்த பேரனின் நினைவாக இரங்கற் பூசை இசையொன்றையும் முதுமையில் எழுதினார். 1893 அக்டோபர் 18-ல் சேன் குளூவில் உயிர் துறந்தார்.

ஒலிக்காத எழுத்தாயினும் அதை விட்டு எழுதினால் அவர் பெயர் பிழையாகும். குருமடத்தில் அவர் கழித்த காலமும் அத்தகையதே. குருமடம் சென்று திரும்பிய பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதை நினைவிற்கொள்வார்களாக. பலிபீடத்தில் நிற்பவரும் பாடகர் குழுவில் நிற்பவரும் ஒரே ஆண்டவருக்கே ஊழியம் செய்கிறோம்.