காவலர் மகன் கவிஞரான வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்தபின் கல்லூரி வாயில்களில் ஒரு காட்சியைக் காணலாம். மதிப்பெண் பட்டியல் தந்தையாரின் கையில் இருக்கும். மகனோ மகளோ அவருக்குப் பின்னே தலைகவிழ்ந்து நிற்பர். எந்தப் பாடத்தில் விருப்பம் என்று பிள்ளையைக் கேட்டால், விடை தந்தையாரிடமிருந்தே வரும். வேறு எதிலும் இடமில்லையென்றால் தமிழிலாவது இடம் தாருங்கள் என்னும் வேண்டுகோள் தமிழ்த்துறையினர் கேட்டுப் பழகிய ஒன்று. நிறைந்த மதிப்பெண்ணுடன் தமிழை விரும்பி வரும் பிள்ளைகளும் உளர். அவர்களின் பெற்றோரோ, பிள்ளையின் எதிர்காலமே பாழாயிற்று என்று கலங்கி நிற்பர். இவ்விருவகைப் பெற்றோரும், அவர்தம் பிள்ளைகளும் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு ஒன்று காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் தொடங்குகிறது. அது நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் வாழ்க்கை வரலாறாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

மோகனூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997இல் அம்மாவட்டம் தோன்றும் முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த ஊர் அது. காவிரி நீர் பாயும் வயல்கள் சூழ்ந்த அவ்வூரில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இராமலிங்கம் பிறந்தார். தந்தையார் வெங்கடராம பிள்ளை காவல்துறையில் பணியாற்றியவர். தாயார் அம்மணியம்மாள் இறைப்பற்று மிக்கவர். அவர்களுக்கு எட்டாவது மகவாக வந்த பிள்ளை இவர். நெடுநாள் வேண்டிப் பெற்ற ஆண்மகன் ஆதலின், அவர்மேல் பெற்றோர் கொண்ட அன்பும் மிகுதி, வைத்த நம்பிக்கையும் மிகுதி.

இளமையில் இவரைப் பரிவுடன் வளர்த்தவர் பதூலா பீவி என்னும் இசுலாமியப் பெண்மணி. அவரைக் கவிஞர் தம் தாயாகவே கருதிப் போற்றினார். பெற்ற தாயின் மடியிலும், வளர்த்த தாயின் மடியிலும் ஒருங்கே அன்பை உண்டு வளர்ந்த பிள்ளை அவர். பிள்ளையை உருவாக்கும் பொறுப்பு நான்கு சுவர்களுக்குள் அடங்குவதன்று. அண்டை வீட்டாரும் ஊராரும் அதில் பங்கு கொண்ட காலம் அது.

தந்தையாரின் கனவு

இராமலிங்கம் நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக்கல்வி பெற்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியில் பயின்றார். காவல்துறையில் பணிபுரியும் ஒருவர் தம் மகனை வெளியூர்க் கல்லூரி வரை அனுப்பிப் படிக்க வைப்பது அக்காலத்தில் எளிய செயலன்று. அதன் பின்னே தந்தையார்க்கு ஒரு கனவும் இருந்தது. மகன் காவல்துறையில் உதவி ஆய்வாளராக வேண்டும் என்பதே அக்கனவு.

இக்கனவைக் குறைகூற இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியில் சப் இன்ஸ்பெக்டர் பதவி என்பது ஊரே எழுந்து நின்று வணங்கும் பதவியாகும். திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியமும், முதுமையில் ஓய்வூதியமும் உண்டு. தாம் பணிபுரிந்த துறையில் தமக்கு மேற்பட்ட நிலையில் தம் மகனைக் காண விழைவது தந்தை மனத்தின் இயல்பேயாகும். இன்று மகன் மருத்துவனாக வேண்டும், மகள் பொறியாளராக வேண்டும் என்று விரும்பும் பெற்றோரின் உள்ளமும் இதுவேயன்றோ?

ஆயினும் மகனின் நாட்டம் வேறாக இருந்தது. சிறு வயது முதலே அவர் கை ஓவியத்தில் தேர்ந்திருந்தது. காக்கிச் சட்டையை அவர் மனம் ஏற்கவில்லை. தந்தையார் வற்புறுத்தியும் அவர் காவல்துறையில் சேர மறுத்துவிட்டார். நாமக்கல் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அதுவும் நிலைக்கவில்லை. பின்னர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். அதிலும் நெடுநாள் நிற்கவில்லை. இறுதியில் தூரிகையையே தொழிலாகக் கொண்டார்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். கல்லூரி வரை படித்த மகன், கிடைக்கவிருந்த அரசு உத்தியோகத்தை விட்டுப் படம் வரைகிறான் என்றால், உற்றார் உறவினர் என்ன கருதியிருப்பர்? ஓவியர், கவிஞர், அரசவைக் கவிஞர் என்று பின்னாளில் வந்த பெயர்களை அன்று எவரும் அறியார். பின்வருவது தெரியாத நிலையில் பிள்ளைமேல் நம்பிக்கை வைப்பதுதான் பெற்றோருக்கு நேரும் உண்மையான தேர்வு. பிள்ளைகள் எழுதும் தேர்வினும் அது கடினமானது.

தூரிகையும் எழுதுகோலும்

ஓவியர் இராமலிங்கத்தின் புகழ் மெல்லப் பரவியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டினை ஒட்டி டில்லியில் நிகழ்ந்த விழாவின்போது, பாரதமாதா அம்மன்னருக்கு முடிசூட்டுவதாக அவர் தீட்டிய ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது. மன்னருக்கு முடிசூட்டிய அதே கை, சில ஆண்டுகளில் மன்னராட்சியை எதிர்த்துப் பாடல் எழுதத் தொடங்கியமை வியப்பிற்குரியது. தேசிய இயக்கம் அவரை ஈர்த்தது. கரூர், நாமக்கல் வட்டாரங்களில் அவர் காங்கிரசுப் பணி ஆற்றினார். மகாகவி பாரதியாரை நேரிற் கண்டு, தம் பாடலைப் பாடிக்காட்டி, அவர் வாயாற் பாராட்டுப் பெறும் பேறும் அவருக்கு வாய்த்தது. ஓவியம் அவரைக் கவிதைக்கு அழைத்து வந்தது எனலாம். ஒரு துறையில் வேரூன்றிய கலையுள்ளம் மற்றொரு துறையில் பூத்துக் காய்ப்பதும் உண்டு.

சாலையில் கேட்ட பாடல்

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி உப்புச் சத்தியாகிரகப் படை புறப்பட்டது. ஏறத்தாழ நூறு தொண்டர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தே சென்றனர். அவர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். அப்படையினர் வழிநெடுகப் பாடிச் சென்ற பாடல் இராமலிங்கம் பிள்ளை இயற்றியது. ஆயுதமின்றி அறத்தின் வலிமையால் நிகழும் போர் என்பதே அதன் பொருள். இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த பாடல் அது.

தந்தையார் விரும்பியவாறு அவர் காவல் அதிகாரியாகியிருந்தால், அந்நாளில் எங்கே நின்றிருப்பார்? தொண்டர்களைத் தடுக்கும் வரிசையில் தடியுடன் நின்றிருக்கவும் கூடும். பாடல் பிறந்திராது. 1932இல் அவரே ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். காவலரின் மகன் கைதியாகச் சிறைபுகுந்தார். அன்று அது குடும்பத்திற்குப் பேரிழப்பாகவே தோன்றியிருக்கும். இன்று அதுவே அக்குடும்பத்தின் பெருமையாகத் திகழ்கிறது.

ஆயினும் தந்தையார் வாழ்ந்த உலகம் அவரைவிட்டு அகன்றுவிடவில்லை. அவர் எழுதிய மலைக்கள்ளன் என்னும் நவீனத்தில் கள்வரும் காவலரும் உலவுகின்றனர். அது 1954இல் எம்.ஜி.ஆர். நடிக்கத் திரைப்படமாகி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. பிள்ளை தந்தையின் தொழிலை ஏற்காது போகலாம். ஆனால் தந்தையின் வாழ்விலிருந்து பெற்றதை வேறொரு வடிவில் உலகிற்குத் தருகிறது.

1949இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. பின்னர் அவர் சட்ட மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 1971இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலக வளாகத்திலுள்ள பத்து மாடிக் கட்டடம் நாமக்கல் கவிஞர் மாளிகை என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. எழுத்தர் பணியில் நிலைகொள்ளாத ஒருவரின் பெயரை, ஆயிரக்கணக்கான கோப்புகள் நடமாடும் மாளிகைக்கே சூட்டியது காலம்!

நாமக்கல்லும் மதிப்பெண்ணும்

நாமக்கல் என்றவுடன் கவிஞரை நினைத்த காலம் ஒன்றிருந்தது. பின்னர் அவ்வூர்ப் பெயர் மதிப்பெண்ணை நினைவூட்டலாயிற்று. நாமக்கல், இராசிபுரம் வட்டாரப் பள்ளிகளின் விடுதிகளில் தம் பிள்ளைகளைச் சேர்க்கத் தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் வந்தனர். நிலத்தை விற்றும், நகையை அடகு வைத்தும் கட்டணம் செலுத்தியோர் உளர். தமிழகத்தில் பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் மனனம் செய்வித்தன. 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அவ்வாண்டே மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. ஈராண்டு மனனம் செய்த முறை அதன்பின் அவ்வளவாகப் பயன்படவில்லை. மாறும் தேர்வு முறைக்கேற்பப் பிள்ளையை வளைத்துக்கொண்டே இருப்பது இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு சான்று ஈரோட்டில் பிறந்தது. இராமலிங்கத்திற்கு ஓராண்டு முன்னர், 1887இல் தோன்றிய கணித மேதை இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அவரை, 1918இல் இலண்டன் இராயல் சங்கம் தன் உறுப்பினராக ஏற்றது. தேர்வில் தோற்றோர் அனைவரும் மேதையர் ஆவர் என்பது இதன் கருத்தன்று. தேர்வு, பிள்ளையின் ஒரு பகுதியை மட்டுமே அளக்கும் கருவி என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

பெற்றோரும் பிள்ளையும்

மோகனூரார் வாழ்வு பெற்றோருக்குச் சில செய்திகளை உணர்த்துகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குக் கணிதப் பிரிவா, வணிகவியலா, கலைப் பிரிவா, தொழிற்கல்வியா என்று முடிவு செய்யும் முன், அப்பிள்ளை ஓய்வு நேரத்தில் யாரும் ஏவாமல் எதைச் செய்கிறது என்று நோக்குதல் வேண்டும். இராமலிங்கத்தின் வழி அவர் கை வரைந்த படங்களில் முன்னரே தெரிந்தது. தம் விருப்பத்தைக் கூறுதல் பெற்றோரின் உரிமை. அதை ஆணையாக்காதிருத்தல் அவர்தம் பெருந்தன்மை. தேர்வுக் காலத்தில் பிள்ளைக்கு வேண்டுவன நல்லுறக்கமும், வேளைக்கு உணவும், ஒப்பிட்டுப் பேசாத நாவுமேயாகும். தேறாதவர்க்கு அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. போன மதிப்பெண்ணை மீட்க வழியுண்டு. ஒரு சொல்லால் உடைந்து, உயிரையே மாய்த்துக்கொள்ளும் பிள்ளையை மீட்க வழியில்லை.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூறுதல் கடமையாகும். இராமலிங்கம் தந்தையாரின் விருப்பத்தை மறுத்தாரேயன்றி, உழைப்பை மறுக்கவில்லை. வேலை பார்த்தார், ஓவியம் தீட்டித் தம் கையால் பொருளீட்டினார். விரும்பிய பாடத்தைக் கேட்டுப் பெறுவோர், அதில் உழைத்துக்காட்டும் பொறுப்பையும் சேர்த்தே பெறுகின்றனர். தமிழை விரும்பி வந்தோர்க்கு இது இன்னும் பொருந்தும்.

அடுத்த கோடையிலும் கல்லூரி வாயிலில் தந்தையர் வந்து நிற்பர். அவர்கள் கையிலுள்ள மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் முன், பின்னே நிற்கும் பிள்ளையின் முகத்தை ஆசிரியராகிய நாமும் ஒருமுறை நோக்குவோமாக. என்ன படிக்க விரும்புகிறாய் என்று அப்பிள்ளையிடமே கேட்போமாக. விடை வரும்வரை பெற்றோரும் நம்மோடு பொறுத்திருப்பாராக.