வேதாகமம் படித்த நாவலர்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் இருந்தது. வேதத்தில் கட்டளை இல்லாத திருநாள் சபைக்கு ஆகாது என்பது அங்கு குடியேறிய பியூரிட்டன்களின் நிலை. அவர்களின் வழிவந்த சபைகள் அனுப்பிய மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். நூலில் இருக்கிறதா என்ற அந்தக் கேள்வியை இந்த மண்ணில் மிகக் கடுமையாகக் கேட்டவர் ஒரு சைவர்.

1822 டிசம்பரில் நல்லூரில் பிறந்த ஆறுமுகம், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் படித்து அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது கூட இருந்து உதவியவர் இவர்தான். பாதிரிமாரின் பிரசங்க முறையையும் கண்டு பழகினார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மிஷன் வேலையை விட்டார். சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் கொடுத்தது.

கோயில் பூசையும் திருவிழாவும் மூடத்தனம் என்று பாதிரிமார் துண்டுப்பிரசுரம் அடித்துப் பரப்பிய காலம் அது. 1854இல் சைவதூஷணபரிகாரம் வெளிவந்தது. விளக்கு, தூபம், படையல், திருநாள் எல்லாம் எருசலேம் ஆலயத்துக்கும் விதிக்கப்பட்டவை என்று, பாதிரிமாரின் வேதாகமத்திலிருந்தே எடுத்துக் காட்டினார் நாவலர். தமிழில் அந்த விதிகள் உள்ள நூலுக்குப் பெயரே லேவியராகமம்!

ஆனால் நாவலரைப் பெரியவராக்குவது இந்த வாதத்திறமை மட்டுமல்ல. அதே கேள்வியைத் தன் வீட்டு வாசலிலும் கேட்டார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி அமையவில்லை, மூலத்தானத்தில் திருவுருவம் இல்லாமல் வேல் இருப்பது சரியல்ல என்று 1875இல் பிரசுரம் எழுதினார். சிறு தெய்வக் கோயில்களின் உயிர்ப்பலியையும் கண்டித்தார். சொந்த ஊரிலேயே பகை சேர்ந்தது. ஆகமத்தைப் பிடித்த அந்தக் கை சாதி ஆசாரத்தையும் விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1879 டிசம்பர் 5இல் நாவலர் காலமானார். நல்லூரில் ஆண்டுதோறும் 25 நாள் திருவிழா நடக்கிறது. மூலத்தானத்தில் இன்றும் வேல்தான்.