கேற்றைப் பழுதாக்கிய சிறுவர்களைக் காட்டுக்கு அழைத்தவர்

வன்னிக் காடு என்றதும் என் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது பதுங்குகுழியும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகையும்தான். காட்டைப் படிக்கும் இடமாக எங்களுக்கு யாரும் காட்டவில்லை. அதனால்தான் ஏர்னஸ்ட் தொம்சன் சீற்றனைப் பற்றி எழுதுகிறேன்.

1860இல் இங்கிலாந்தில் பிறந்த சீற்றன், சிறுவயதிலேயே குடும்பத்துடன் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தவர். ஓவியர், வேட்டைக்காரரும்கூட. 1893இல், மாடுகளைக் கொன்றுவந்த ஓநாய்களை அழிக்க நியூ மெக்சிக்கோவுக்குப் போனார். லோபோ என்ற தலைவன் ஓநாய் எந்தப் பொறியிலும் அகப்படவில்லை. அதன் இணையைக் கொன்ற பிறகே, தேடிவந்த லோபோ சிக்கியது. கட்டிய இடத்திலேயே அன்றிரவு இறந்தது. அந்த மரணம் சீற்றனை மாற்றியது. 1898இல் வெளிவந்த அவரது விலங்குக் கதைகள் பெரும்புகழ் பெற்றன.

கனெற்றிகற்றில் அவர் காணி வாங்கி வேலி அடைத்தபோது, ஊர்ச் சிறுவர்கள் கேற்றில் ஆபாசப் படங்கள் வரைந்தார்கள். சீற்றன் தண்டனை கேட்கவில்லை. 1902இல் அவர்களையே தன் காணியில் கூடாரமடித்துத் தங்க அழைத்தார். அமெரிக்கப் பூர்வகுடிகளின் வாழ்முறையே முன்மாதிரி. சிறுவர்கள் நெருப்பைச் சுற்றியிருந்து கதை கேட்டார்கள்; விலங்குகளின் தடம் பார்க்கப் பழகினார்கள்; தங்கள் தலைவரைத் தாங்களே தெரிந்தெடுத்தார்கள். ஒருவரையொருவர் தோற்கடிக்கும் போட்டி இல்லை. குறித்த தரத்தை எட்டிய எவருக்கும் பாராட்டு உண்டு.

1910இல் தொடங்கிய அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் தலைமைச் சாரணர் ஆனார். அதில் இராணுவச் சாயல் கூடுவதை ஏற்காத அவர், 1915இல் விலகினார், 1946இல் காலமானார்.

வெடி அகற்றிய நிலங்கள் இன்று எங்களிடமும் உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமல், பறவை பார்க்க அங்கே கூட்டிப்போகும் பெரியவர்கள்தான் தேவை.