பொம்மைக் கடைத் தாத்தா

போன வருஷம் ஹாஸ்டலில் ‘ஹ்யூகோ’ படம் போட்டார்கள். மார்ட்டின் ஸ்கார்செஸி 2011-ல் எடுத்தது. பாரிஸ் ரயில் நிலையக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கும் அநாதைப் பையன், அங்கே பொம்மைக் கடை வைத்திருக்கும் சிடுமூஞ்சித் தாத்தா... படம் முடிந்ததும் பாதிப்பேர் எல்லாம் கதைதான் என்று தூங்கப் போய்விட்டார்கள். நண்பர்களே, பையன்தான் கற்பனை. தாத்தா நிஜம்! பெயர் ஜார்ஜ் மெலியெஸ்.

1861 டிசம்பர் 8-ல் பாரிசில் பிறந்தார். அப்பாவுக்கு பூட்ஸ் தொழிற்சாலை. (இந்த பூட்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) மகனுக்கோ மேஜிக் பைத்தியம். 1888-ல் தொழிற்சாலையில் தன் பங்கை அண்ணன்மாரிடம் விற்றுவிட்டு, ரொபேர்-ஊதான் என்ற மேஜிக் தியேட்டரை வாங்கிவிட்டார்.

1895 டிசம்பர் 28. லூமியே குடும்பத்தார் பாரிசில் முதல்முறையாகக் காசுக்குப் படம் காட்டினார்கள். அதைப் பார்த்த மெலியெஸ் அந்த மெஷினை விலைக்குக் கேட்டார். 10,000 பிராங்க் வரை ஏற்றிப் பார்த்தார். தர முடியாது என்றுவிட்டார்கள். மனுஷன் விடுவாரா? லண்டன் போய் ராபர்ட் பால் என்பவரிடம் ஒரு புரொஜக்டர் வாங்கிவந்து, பிரித்துப்போட்டு, அதையே கேமராவாக மாற்றினார். நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்கு உடனே புரியும். இரண்டிலும் ஒரே வேலைதான். ஒரு பிரேம் இழு, நிறுத்து, வெளிச்சம் விடு, மூடு, மறுபடி இழு. காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போடுமாம்.

ஒருநாள் பாரிஸ் ஆப்பரா சதுக்கத்தில் படம் பிடிக்கும்போது மெஷின் ஜாம் ஆகிவிட்டது. சரிசெய்து மறுபடி சுற்றினார். திரையில் பார்த்தால், போய்க்கொண்டிருந்த குதிரைபஸ் திடீரென்று சவ வண்டியாகிவிட்டது! இது அவரே பின்னாளில் சொன்ன கதை. கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி சுற்றும் அந்த வித்தையைத்தான் படத்துக்குப் படம் செய்தார். 1897-ல் மோந்த்ரேயில் கண்ணாடியாலேயே ஒரு ஸ்டுடியோ கட்டினார்.

எனக்குப் பிடித்தது 1901-ல் எடுத்த ரப்பர் தலை படம். மேஜைமேல் இவர் தலை பலூன் மாதிரி ஊதும். எப்படி? கறுப்புப் பின்னணி, சாய்வான தண்டவாளம், அதில் ஒரு நாற்காலி, நாற்காலியில் இவர். கேமராவை நோக்கி இழுத்தால் தலை பெரிதாகிறது. தாடை ஒரே மட்டத்தில் நிற்கத்தான் அந்தச் சாய்வு. மேஜை, அறை எல்லாம் அதே பிலிமில் தனியாக எடுத்தது. கம்ப்யூட்டர் இல்லை, ஒன்றுமில்லை. வெறும் கணக்கு!

1902-ல் ‘சந்திரனுக்குப் பயணம்’. ராக்கெட் போய் நிலாவின் கண்ணில் குத்துமே, அதேதான். உலகமே பார்த்தது, ஆனால் அமெரிக்காவில் திருட்டுப் பிரதி எடுத்தே சம்பாதித்தார்கள். சினிமா பெரிய கம்பெனிகள் கைக்குப் போனது. இவரோ எல்லாவற்றையும் தானே செய்கிற ஆள், வியாபாரம் சுட்டுப்போட்டாலும் வராது. 1912-க்குப் பிறகு படமே இல்லை. ஐந்நூறுக்கு மேல் எடுத்தவர்!

அப்புறம் முதல் உலகப்போர். பிரெஞ்சு ராணுவம் அவருடைய பிரதிகள் நானூறுக்கு மேல் எடுத்துப்போய் உருக்கியது. எதற்குத் தெரியுமா? பூட்ஸ் ஹீல் செய்ய. எந்தத் தொழில் வேண்டாமென்று ஓடிவந்தாரோ, அந்தத் தொழிலுக்கே படங்கள் போய்ச் சேர்ந்தன. 1923-ல் கடன் கழுத்தை நெரித்தது. தியேட்டரை ரோடு போட இடித்தார்கள். ஸ்டுடியோவும் போயிற்று. மிச்சமிருந்த நெகடிவ்களை வைக்க இடமில்லை. தன் கையாலேயே கொளுத்தினார். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது.

பிறகு மோன்பார்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றார். கூட இருந்தது ஜெஆன் தால்சி, 1896-ல் அவர் எடுத்த படத்தில் நாற்காலியிலிருந்து மாயமாய் மறைந்த நடிகை. 1925-ல் அவரைத்தான் மறுமணம் செய்திருந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் அங்கே அவரை அடையாளம் கண்டுகொண்டார். 1929-ல் தேடிப்பிடித்த படங்களைத் திரையிட்டுப் பெரிய விழா எடுத்தார்கள். 1931-ல் அரசு விருது. அணிவித்தவர் லூயி லூமியே. மெஷின் தர மறுத்த அதே குடும்பம்! கடைசியில் சினிமாக்காரர்களுக்கான முதியோர் இல்லத்தில் தங்கி, 1938 ஜனவரி 21-ல் காலமானார்.

1993-ல் பார்சிலோனாவில் ‘சந்திரனுக்குப் பயணம்’ கையால் வர்ணம் தீட்டிய பிரதி ஒன்று கிடைத்தது. பிலிம் ஒட்டிக்கொண்டு கட்டையாகக் கிடந்தது. பிரேம் பிரேமாகப் பிரித்தெடுத்துச் சரிசெய்ய வருஷக்கணக்காயிற்று. 2011 மே மாதம் கான் விழாவில் அது கலரில் ஓடியது. அதே வருஷக் கடைசியில்தான் ‘ஹ்யூகோ’ வந்தது.