ராபர்ட் மெக்கரிசன்

சர் ராபர்ட் மெக்கரிசன் (மார்ச் 15, 1878 – மே 18, 1960) அயர்லாந்தில் பிறந்த மருத்துவரும் ஊட்டச்சத்து ஆய்வாளரும் ஆவார். தமிழ்நாட்டின் குன்னூரில் இவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திற்கு முன்னோடியாகும். உயிர்ச்சத்து ஏ குறைந்த உணவு உடலுக்கு விளைவிக்கும் கேடுகளை விலங்குச் சோதனைகள் வழியே ஆராய்ந்தவர்களுள் இவரும் ஒருவர். அக்கேடுகளின் காரணம் மரபணு அளவில் விளங்கத் தொடங்கியது இவர் இறந்து 27 ஆண்டுகளுக்குப் பின்னரே.

வாழ்க்கை

போர்ட்டடவுன் நகரில் பிறந்த இவர், பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் பயின்று 1900-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து வடமேற்கு எல்லையில் பணியாற்றினார். கில்கிட் பகுதியில் முன்கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தபோது, மாசுபட்ட குடிநீரே அதற்குக் காரணம் எனக் கருதி, அந்நீரைத் தாமே குடித்தும் சோதித்தார். அயோடின் குறைபாடே இந்நோயின் முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியானது.

குன்னூர் ஆய்வுகள்

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். 1923-இல் சிக்கன நடவடிக்கையால் நிறுத்தப்பட்ட ஆய்வு, 1925-இல் மீண்டும் தொடங்கியது. 1928-இல் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. மெக்கரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறிகள் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை மிகக் குறைவாகவே வளர்ந்தன. உயிர்ச்சத்து ஏ குறைந்த சில உணவுகளை உண்ட எலிகளின் சிறுநீர்ப்பையில் கற்கள் தோன்றின. உணவில் பால் சேர்த்தபோது அவை தடுக்கப்பட்டன.

உயிர்ச்சத்து ஏ-யும் மரபணுவும்

1987-இல் பிரான்சில் பியர் சாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்டு எவான்சு குழுவும் ரெட்டினோயிக் அமில ஏற்பியைத் தனித்தனியே கண்டறிந்தன.

உயிர்ச்சத்து ஏ-யின் ஒரு பகுதி உயிரணுவில் ரெட்டினோயிக் அமிலமாக மாறுகிறது. உயிரணுவின் கருவில் இதன் ஏற்பி, ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி என்னும் மற்றொரு புரதத்துடன் இணை சேர்ந்து டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்திருக்கும். அமிலம் இல்லாதபோது, உடனிருக்கும் அடக்கும் புரதங்கள் மரபணுவைச் செயல்படாமல் வைக்கின்றன. அமிலம் பிணைந்ததும் அவை விலகித் தூண்டும் புரதங்கள் சேர, மரபணு வெளிப்படுகிறது. இவ்வாறு தூண்டப்படும் மரபணுக்களுள் இவ்வேற்பியின் பீட்டா வகையை உருவாக்கும் மரபணுவும் ஒன்று. அதாவது, தன்னை ஏற்கும் புரதத்தின் அளவையே இவ்வமிலம் கூட்டுகிறது.

உயிர்ச்சத்து ஏ குறையும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. கண், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றின் ஈரமான மேற்பரப்புத் திசு தடித்துத் தோல்போல் உலர்கிறது. தைராய்டு இயக்குநீரின் ஏற்பியும் எக்ஸ் ஏற்பியுடன் இணைந்தே பெரும்பாலும் செயல்படுகிறது. இவ்வகையில், மெக்கரிசன் தனித்தனியே ஆராய்ந்த தைராய்டும் உயிர்ச்சத்து ஏ-யும் உயிரணுக் கருவில் ஒரே புரதத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

பிற்காலம்

1933-இல் சர் பட்டம் பெற்றார். 1935-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, ஆக்சுபோர்டில் வாழ்ந்து மறைந்தார். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அதன் கள ஆய்வுகளின் அடிப்படையில், குழந்தைகளின் பார்வையிழப்பைத் தடுக்க உயிர்ச்சத்து ஏ வழங்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கப்பட்டது.