சவலைப் பிள்ளைகளின் டொக்டர்

சவலை என்ற சொல் இப்ப எத்தனை பேருக்கு விளங்குமோ தெரியாது. எங்கட ஆச்சிமார் அடிக்கடி சொன்ன சொல். கைப்பிள்ளைக்காரி திரும்பவும் பிள்ளைத்தாச்சியாகி, மூத்தது பால் இல்லாமல் மெலிந்து சிணுங்கிக்கொண்டு திரிந்தால், பிள்ளை சவலை பாய்ந்துவிட்டது என்று சொல்லுவினம். இந்த விசயத்தை ஆங்கில வைத்தியத்துக்கு விளங்கப்படுத்தப் பாடுபட்ட ஒரு பெண் டொக்டரைப் பற்றித்தான் இந்தப் புத்தாண்டு மலரில் எழுதுகிறேன். ஊரில் மருத்துவமாதாக வேலை செய்த நாளில் இருந்து அவரில் எனக்குப் பெரிய மதிப்பு.

சிசிலி வில்லியம்ஸ் 1893 இல் ஜமேக்காவில் பிறந்தவர். முதலாம் உலக யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட்டதால் ஒக்ஸ்போர்டில் பெண்களுக்கும் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தது. அப்படிப் படித்து 1923 இல் டொக்டரானார். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்ததும் பெண் டொக்டர்மாருக்கு வேலை இல்லை. அலைந்து திரிந்து, 1929 இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டுச் சேவையில் சேர்ந்து கோல்ட் கோஸ்ட்டுக்குப் போனார். இன்றைய கானா அது.

அங்கே ஒன்று முதல் நாலு வயசுப் பிள்ளைகள் கால் வீங்கி, வயிறு ஊதி, தலைமயிர் செம்பட்டையாகி, தோல் உரிந்து செத்துக்கொண்டிருந்தார்கள். பெலாக்ரா என்ற வேறொரு வருத்தம் என்று மற்ற டொக்டர்மார் தீர்மானித்துவிட்டார்கள். இவர் போய்க் கேட்டது தாய்மாரிடமும் தாதிமாரிடமும். அவர்களுடைய கா மொழியில் அதற்குப் பெயரே இருந்தது: குவாஷியோர்கோர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மடியில் இருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வருகிற வருத்தம் என்று பொருள். அப்படியே எங்கட சவலைதான்! தாய்ப்பால் நின்றபின் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது சோளக் கஞ்சி. வயிறு நிறையும், புரதம் இல்லை. இதை 1933 இல் ஒரு வைத்தியச் சஞ்சிகையிலும், 1935 இல் லான்செட்டிலும் எழுதினார். எழுத்தறியாத தாய்மாரின் சொல்லை லண்டன் சஞ்சிகையில் தலைப்பாகவே போட்டது அந்தக் காலத்தில் சின்ன விசயம் இல்லை.

மேலதிகாரிகளோடு ஒத்துவரவில்லை. 1936 இல் மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கட ஆக்கள் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த அதே மலாயா. அங்கே கண்டது வேறு கூத்து. பால் கம்பனிகள் தாதி உடுப்புப் போட்ட பெண்களை வீடு வீடாக அனுப்பி, நன்றாகப் பால் சுரக்கிற தாய்மாருக்கும் இனிப்பு ரின்பாலைத் தலையில் கட்டின. கொழுப்பு நீக்கிய அந்தப் பாலில் விற்றமின் ஏ-யும் டி-யும் இல்லை. ஏழைத்தாய் ஒரு ரின்னைப் பத்து நாள் இழுக்கப் பார்ப்பாள், ஊத்தைத் தண்ணியில் கரைப்பாள். பிள்ளைக்கு வயிற்றோட்டம். 1939 இல் சிங்கப்பூர் றோட்டறிக் கழகத்தில் பேச அழைத்தபோது, பாலும் கொலையும் என்று தலைப்பு வைத்து, தெரிந்துகொண்டு செய்கிற இந்தப் பிரசாரம் கொலைக்குச் சமம் என்று பெரிய மனிசர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். என்ன துணிச்சல்!

இத்தனைக்கும் கோல்ட் கோஸ்ட்டில் மெலிந்த பிள்ளைகளை ரின்பால் கொடுத்துத் தேற்றியவரும் இவர்தான். பால் சுரக்காத தாயில் பழி போடுவது அவருடைய பேச்சு இல்லை.

பிறகு அவரும் எங்களைப் போல ஓடினார். 1941 டிசம்பரில் யப்பான்காரன் மலாயாவில் இறங்க, திரெங்கானுவில் இருந்து சிங்கப்பூருக்கு. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. சாங்கி முகாமில் அடைபட்டார். 1943 இல் யப்பான் இராணுவப் பொலிஸ் கொண்டுபோய் மாதக்கணக்காய் வைத்து வதைத்தது. பட்டினியிலும் பெரிபெரியிலும் கிடந்த அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. முகாமில் இருந்த தாய்மார் இந்தக் கணக்கை இன்னொருக்கால் வாசியுங்கோ.

1948 இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1960 இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பிக்கப் போய், பாலஸ்தீன அகதிகள் மத்தியிலும் வேலை செய்தார். பால்மா விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சர்வதேசக் கோவை 1981 இல் வந்தபோது அவருக்கு 87 வயசு. 1992 இல் 98 வயசில் ஒக்ஸ்போர்டில் காலமானார்.

இங்கே அல் குசைஸில் தாதி உடுப்போடு ஒருவரும் கதவு தட்டுவதில்லை. இரண்டு வருடம் பாலூட்டச் சொல்லி குர்ஆனிலேயே இருக்கிற நாடு இது. ஆனால் தனியார் கம்பனியில் பிரசவ லீவு 60 நாள்தான், அதிலும் 45 நாளுக்கே முழுச் சம்பளம். லீவு முடிகிற கிழமையே பால்மா ரின் வீட்டுக்கு வந்துவிடுகிறது. 2022 இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டப்படி, பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரைக்கும் பாலூட்ட ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கேட்கலாம். இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். கன பேருக்கு இது தெரியாது. தெரிந்தவையும் கேட்கப் பயப்படுகினம். கம்பனிக்கு இங்கிலிசில் கடிதம் எழுத வேண்டிய பிள்ளைகள் சங்கத்துக்கு வாங்கோ, நான் எழுதித் தாறன்.