நாலே நாலு வார்த்தைகள்... நாடு கடந்து ஓடிய மொழிபெயர்ப்பாளர்! - வில்லியம் டிண்டேலின் கதை

1526-ம் வருஷம். ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் சரக்குக் கப்பல்களில், துணி மூட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் புத்தகங்கள் ஒளிந்து போயின. கைக்கு அடக்கமான சைஸ். எழுதியவர் பெயர்கூட கிடையாது. பிடிபட்டால் புத்தகத்துக்குத் தீ. பின்னாளில், வைத்திருந்த சிலருக்கும் தீ. அப்படி என்ன புத்தகம் அது? பைபிளின் புதிய ஏற்பாடுதான். இங்கிலீஷில் இருந்தது, அதுதான் குற்றம்!

அதை மொழிபெயர்த்தவர் வில்லியம் டிண்டேல். 1494 வாக்கில் குளோஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். கிரேக்கம், எபிரேயம் உட்பட பல மொழிகளில் புலி. படிப்பு முடிந்ததும் ஒரு பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வரும் பாதிரியார்களோடு அடிக்கடி வாக்குவாதம் ஆகும். பைபிள் லத்தீனில் இருக்கிறது, ஜனங்களுக்கு லத்தீன் தெரியாது, அப்புறம் எதை வைத்து நம்புவது என்பது அவருடைய கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், பிஷப் அனுமதி இல்லாமல் பைபிளை இங்கிலீஷில் மொழிபெயர்க்கக் கூடாது என்று அதற்கு நூறு வருஷம் முன்பே இங்கிலாந்துத் திருச்சபை தடை போட்டிருந்தது. டிண்டேல் முதலில் சட்டப்படியே போனார். 1523-ல் லண்டன் பிஷப் கத்பர்ட் டன்ஸ்டாலைப் பார்த்து ஆதரவு கேட்டார். வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் அதிகம், வேறு இடம் பாருங்கள் என்று நாசூக்காக அனுப்பிவிட்டார் பிஷப். (இந்த டன்ஸ்டால் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.)

ஹம்ஃப்ரி மான்மத் என்ற துணி வியாபாரி கைகொடுக்க, 1524-ல் ஜெர்மனிக்குக் கிளம்பினார் டிண்டேல். அதன்பிறகு அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கொலோன் நகரத்தில் அச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தபோதே விஷயம் கசிந்தது. அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு ரைன் நதி வழியாக வோர்ம்ஸ் நகருக்குத் தப்பி ஓடினார். புத்தகம் முழுசாக வெளிவந்தது அங்கேதான்.

லண்டனில் டன்ஸ்டால் அதைத் தேடித்தேடி எரித்தார். இதில் ஒரு காமெடியும் உண்டு. எட்வர்ட் ஹால் என்ற அந்தக் கால வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கும் கதை இது. எரிப்பதற்காகவே ஒரு வியாபாரி மூலம் மொத்தமாகப் புத்தகங்களை வாங்கினாராம் பிஷப். அந்த வியாபாரி டிண்டேலின் நண்பர். பிஷப் கொடுத்த காசில் திருத்திய பதிப்புக்கு வேலை நடந்ததாம்! ஆனாலும் நெருப்பு தன் வேலையைக் காட்டத்தான் செய்தது. 1526 பதிப்பில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது மூன்றே மூன்று பிரதிகள். அதில் ஒன்றை 1994-ல் பிரிட்டிஷ் நூலகம் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.

சரி, மொழிபெயர்த்ததுக்கா இவ்வளவு கோபம்? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. டிண்டேலை மிகக் கடுமையாக எதிர்த்த தாமஸ் மோர் பெரிய அறிவாளி. திருச்சபை அங்கீகரித்த ஒரு இங்கிலீஷ் பைபிள் வரலாம் என்பதுதான் அவர் நிலைப்பாடு. அவரைக் கொதிக்க வைத்தவை சில வார்த்தைகள். 'சர்ச்' என்று வர வேண்டிய இடத்தில் டிண்டேல் 'கூடிவந்த மக்கள்' என்று போட்டார். 'குரு' என்பது 'மூப்பர்' ஆனது. 'தர்ம சிந்தை' என்ற பொருள் கலந்த பழைய சொல்லுக்குப் பதிலாக வெறும் 'அன்பு' வந்தது. 'தவம் செய்' என்பது 'மனந்திரும்பு' என்று மாறியது.

கடைசி வார்த்தையை மட்டும் பாருங்க. தவம் செய்ய வேண்டுமென்றால் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்ல வேண்டும், அவர் சொல்லும் பரிகாரத்தைச் செய்ய வேண்டும். மனந்திரும்புவதற்கு? ஆளும் கடவுளும் போதும். ஒரே ஒரு வினைச்சொல்லில் ஒரு பெரிய அமைப்பே ஆட்டம் காண்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பதைத்தான் எழுதினேன் என்றார் டிண்டேல். மோரின் ஆருயிர் நண்பர் எராஸ்மஸும் லத்தீனில் 'சர்ச்'சுக்கு இதே மாதிரி சொல்லைப் போட்டாரே, அவரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்றும் மடக்கினார். மோர் அதற்குப் பதிலாக எழுதித் தள்ளியது சுமார் ஐந்து லட்சம் வார்த்தைகள்! இரண்டு பேருமே வசவில் குறைவைக்கவில்லை. எதிராளி உண்மையான கிறிஸ்தவனே இல்லை என்பதில் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

1531-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் தூதர் ஸ்டீபன் வாகன், ஆன்ட்வெர்ப் நகரத்துக்கு வெளியே டிண்டேலைச் சந்தித்தார். டிண்டேல் வைத்த நிபந்தனை ஒன்றுதான். யார் மொழிபெயர்த்ததாக இருந்தாலும் சரி, ஜனங்களுக்கு ஒரு இங்கிலீஷ் பைபிளை மன்னர் அனுமதிக்கட்டும். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஊர் திரும்பி, எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன். என் புத்தகம்தான் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

அதே மனுஷன் 1534-ல் கொந்தளித்த கதையும் உண்டு. ஜார்ஜ் ஜாய் அவருடைய சொந்த அணிக்காரர்தான். டிண்டேலிடம் கேட்காமலே அவருடைய மொழிபெயர்ப்பைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். பல இடங்களில் 'உயிர்த்தெழுதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இந்த வாழ்வுக்குப் பிந்தைய வாழ்வு' என்கிற மாதிரி மாற்றியிருந்தார். திருத்த வேண்டுமென்றால் உன் பெயரில் போட்டுக்கொள் என்று புதிய பதிப்பின் முன்னுரையிலேயே வெளுத்து வாங்கினார் டிண்டேல். ஜாயும் பதிலுக்கு ஒரு புத்தகமே போட்டார். வார்த்தைகளை மாற்றினார் என்று மோர் டிண்டேலைத் திட்டினார். அதே குற்றத்துக்காக டிண்டேல் ஜாயைத் திட்டினார். எனக்கு டிண்டேல் மீது மரியாதை அதிகம்தான். ஆனால், இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

1535 மே மாதம் ஹென்றி ஃபிலிப்ஸ் என்ற இளைஞன் நண்பனாக நடித்து, அன்றைக்கே அவரிடம் கடனும் வாங்கிக்கொண்டு, வாசலில் காத்திருந்த ஆட்களிடம் காட்டிக் கொடுத்தான். வில்வோர்ட் கோட்டையில் சுமார் 16 மாதச் சிறை. அங்கிருந்து அவர் எழுதிய ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. குளிருக்கு ஒரு தொப்பி, கிழியாத கோட்டு, ராத்திரிக்கு ஒரு விளக்கு கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய பைபிளும், இலக்கண நூலும், அகராதியும் வேண்டுமாம்.

அவர் சிறையில் இருந்தபோதே, 1535 ஜூலையில் தாமஸ் மோரின் தலை லண்டனில் வெட்டப்பட்டது. மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்காததுதான் காரணம். 1536 அக்டோபரில் டிண்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள்.

மூன்றே வருஷத்தில், 1539-ல், அதே ஹென்றியின் அனுமதியோடு 'கிரேட் பைபிள்' இங்கிலாந்து ஆலயங்களுக்கு வந்தது. அதன் புதிய ஏற்பாட்டில் பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பு. அவர் பெயர்தான் இல்லை. 1541-ல் வந்த பதிப்பின் முதல் பக்கத்தில், இதைச் சரிபார்த்தவர்கள் என்று இரண்டு பிஷப்புகளின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒருவர், கத்பர்ட் டன்ஸ்டால்.